செல்லப்ப அண்ணன் காருக்கு டிஸ்க் மாட்டிய கதை

டிஸ்க் பிரேக் மோசம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி படித்துவிட்டு யாராவது போன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள். டிரம்மைவிட டிஸ்க் நல்ல பிரேக்தான். சூடு சீக்கிரம் ஆறும், மழையில் நனைந்தாலும் பிடிக்கும், வண்டியை ஒரு பக்கமாக இழுக்காது. நாமக்கல் பரமத்தி ரோட்டில் கடை வைத்து, லாரி பிரேக்குக்கு லைனர் ரிவிட் அடிப்பதில் ஆரம்பித்தவன் நான். இப்போது பழைய கார் வைத்திருப்பவர்கள் தேடி வந்து டிஸ்க் மாட்டிக்கொண்டு போகிறார்கள். மாட்டிக் கொடுத்தவையெல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் மாட்டியதில் பாதியை நானே கழற்றினேன். அது ஏன் என்று இளைய மெக்கானிக்குகள் தெரிந்துகொள்வது நல்லது.

1. டீச்சர் கேட்ட ஒரு வார்த்தை

அந்த அம்பாசிடர் என் கடைக்கு ரெக்கவரி வண்டியில் வந்தது. இடது மட்கார்டு நசுங்கி, ஹெட்லைட் போயிருந்தது. கூடவே அப்பாவும் மகளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பா செல்லப்பன். எழுபது தாண்டியவர். லாரி டிரைவராக இருந்து, பிறகு சொந்தமாக லாரி வைத்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கோழிப்பண்ணை நடத்தி, அதையும் குத்தகைக்கு விட்டவர். நாமக்கல்லில் இந்த வயதில் பாதிப் பேரின் வாழ்க்கை இதுதான். மகள் கவிதா, இங்கே ஹாஸ்டல் வைத்த பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர்.

அப்பா நேராகப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டீச்சர் என்னிடம் வந்தார்.

"பாய், ரெண்டு பேரும் கொல்லிமலையில இருந்து எறங்கிட்டு இருந்தோமுங்க. பாதி வளைவு தாண்டி பிரேக் புடிக்கவே இல்ல. அப்பா மலைப் பக்கமா செவுத்துல தேச்சு நிறுத்துனாரு. அந்தப் பக்கம் போயிருந்தா உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன்."

"லைனிங் சூடேறிப் போயிருக்கும் டீச்சர். டிரம் பிரேக்குல மலை எறங்குனா அது உண்டு."

"எங்கம்மா தவறுனதுல இருந்து அப்பாவுக்கு மேல இருக்கற மிளகுத் தோட்டந்தான் எல்லாம். வாரா வாரம் போயிட்டு வரலீன்னா சோறு எறங்காது. போக வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா இந்த பிரேக்கோட போறதுன்னா சாவிய வாங்கிப் பூட்டி வெச்சிருவேன்னு சொல்லிப்போட்டேன். டிஸ்க் போட்டா நல்லாப் புடிக்குமாமே, போட்டுக் குடுங்க. இது போதும், ஓட்டலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் வாய மூடிக்குவேன்."

செல்லப்ப அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போட்டுருங்க பாய்," என்றார். "புள்ளைக்கு மனசு சமாதானமானா சரி."

எனக்கு வேலை பிடித்திருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை பாரமாக இருந்தது. ஒரு மனிதர் மலைக்குப் போவதும் போகாததும் என் நாக்கில் இருந்தது. பொதுவாக கஸ்டமர் என்னிடம் கேட்பது எப்போது முடியும் என்பது மட்டும்தான்.

2. நீலம் பூத்த டிரம்

முன் டிரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் நீலம் பூத்திருந்தது. இரும்பு மிஞ்சிச் சூடேறி ஆறினால் இந்த நீலம் வரும். லைனிங் கண்ணாடி போல மினுங்கியது, நகத்தால் கீறினால் வழுக்கியது. பிரேக் ஆயில் கறுத்துப்போய் இருந்தது. ஒருநாள் சூட்டில் இவ்வளவு ஆகாது. பல வருஷமாக அந்த டிரம்கள் வறுபட்டிருக்கின்றன.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு வருகிறது. வேறு ஊர் கஸ்டமர், வேறு தொழில்காரர் என்றால் நான் முதலில் கேட்டிருப்பேன், இறக்கத்தில் என்ன கியரில் இறங்குகிறீர்கள் என்று. செகண்ட் கியர் போட்டு இறங்கினால் பாதி வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறைவு. டிரம் இப்படி நீலம் பூக்காது. ஆனால் எதிரில் நிற்பவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். லாரி ஊரான நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு அப்படிப்பட்ட ஆளிடம் மலை இறங்கத் தெரியுமா என்று எவனும் கேட்க மாட்டான். கேட்டால் மரியாதை இருக்காது. சலூன் கடைக்காரரிடம் கத்தி பிடிக்கத் தெரியுமா என்று கேட்பது மாதிரி ஆகிவிடும். வண்டி பழசு, மலை பெரிசு, டிரம் தேய்ந்தது என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

3. அண்ணன் கால்

டிரம்மில் இருந்து டிஸ்க்குக்கு மாற்றுவது தட்டைக் கழற்றித் தட்டை மாட்டுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அம்பாசிடருக்குப் பின்னாளில் வந்த டிஸ்க் மாடலின் வீலைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலும், டிஸ்க் தட்டைப் பேடுகளால் கவ்வும் காலிப்பரும் பொருந்தும், அதில் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம், மிதித்ததும் ஆயிலை வீலுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலும் மிதியிலும்.

டிரம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு உண்டு. மிதியை விட்ட பிறகும் ஆயில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அது ஆகாது, பேடு தட்டை உரசிக்கொண்டே போகும், பத்து கிலோமீட்டரில் வீல் தொட முடியாமல் சுடும். அதனால் இரண்டு தனித்தனி லைன் உள்ள புது மாஸ்டர் சிலிண்டரைத் காரின் தளத்துக்கு அடியில் பழைய இடத்திலேயே பொருத்தினேன். டிஸ்க் வருகிற முன் லைனில் வால்வு இல்லை, டிரம்மாகவே இருக்கும் பின் லைனில் உண்டு.

அடுத்தது மிதி. டிரம்முக்குள் லைனிங் பதித்த ஷூ, சுழலும் டிரம்மோடு தானே இழுபட்டு இன்னும் இறுகும். மிதிப்பவருக்கு அந்த உதவி சும்மா கிடைக்கிறது. டிஸ்க்கில் அது கிடையாது. பேடு இரண்டு பக்கமும் அழுத்துவதோடு சரி. அதனால் அதே நிறுத்தலுக்குக் கால் பலம் கூட வேண்டும். அதற்குத்தான் பூஸ்டர். ஓடுகிற இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை எடுத்து, நம் காலோடு சேர்த்து அழுத்தித் தரும். வயசானவர், கால் மெதுவாக வைத்தாலே நிற்க வேண்டும் என்று நினைத்து, முன் லைனில் ஒரு பூஸ்டரைச் சேர்த்தேன். பானெட்டுக்குள் ஓரமாக இடம் பார்த்து வைத்து, இன்ஜினில் இருந்து ஓஸ் குழாய் கொடுத்தேன்.

லைனில் மாட்டிய காற்றை வெளியே எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். கடையில் ஆள் இருந்தும் செல்லப்ப அண்ணன் விடவில்லை.

"என்ற வண்டிக்கு நான் மிதிக்கறேன். நீங்க அடியில படுங்க."

நான் வீல் பக்கம் படுத்துக்கொண்டு காற்று விடும் நிப்பிளைத் திறந்தேன். "மிதிங்கண்ணா. அப்படியே புடிங்க. ம், விடுங்க."

இன்ஜின் ஓடவில்லை, பூஸ்டர் உதவி இல்லை. இருந்தும் அவர் மிதித்த மிதியில் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து என் சட்டையில் அடித்தது.

"மெதுவாங்கண்ணா. நான் வண்டிக்குத்தான் சர்வீஸ் பண்றேன், எனக்கு இல்ல."

"கிளச்சு, பிரேக்குன்னு முப்பது வருசம் மிதிச்ச காலுங்க பாய். மெதுவா மிதிக்கறதுக்கு அதுக்குத் தெரியாது," என்றார். வந்த நாளில் இருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

4. கார் இறங்கிய விதம்

ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். தொட்டால் நின்றது. ஆனால் டீச்சர் கேட்ட வார்த்தை ஊருக்குள் ஓட்டிச் சொல்கிற வார்த்தை இல்லை. "மலைக்கே ஒரு தடவ போயிட்டு வந்துருவோமுங்கண்ணா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றேன். அவருக்கு அதைவிட சந்தோஷம் வேறு இல்லை.

ஏறும்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து வளைவு வளைவாக வண்டியை அவர் கொண்டுபோன அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். வளைவுக்கு முன்னாலேயே கியர் விழும், ஹாரன் அடிக்கும், எதிரில் பஸ் வந்தால் அதற்கான இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். மலைமேல் சோளக்காடு ஊரில் டீ குடித்தோம். தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்க ஆரம்பித்தோம்.

முதல் சில வளைவுகளில் வண்டி அருமையாக இறங்கியது. அண்ணனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "காலு வெச்சாலே நிக்குதுங்க பாய். அம்மிணிகிட்ட நீங்களே சொல்லிருங்க," என்றார், மகளை நினைத்து.

அதன் பிறகு கொஞ்சம் நீளமான ஒரு இறக்கம் வந்தது. அது ஸ்டியரிங் பக்கத்தில் கியர் உள்ள பழைய மாடல். அவருடைய இடது கை கியரை நியூட்ரலுக்குத் தட்டியது. அதே வீச்சில் டேஷ்போர்டு நடுவில் இருந்த சாவிக்குப் போய் அதைத் திருப்பியது. இன்ஜின் அணைந்தது. எனக்கு ஒரு கணம் என்ன நடந்தது என்றே புரியவில்லை. திடீரென்று டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் மட்டும் கேட்டன.

பூஸ்டருக்குள் பிடித்து வைத்த உறிஞ்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அடுத்த வளைவில் மிதித்தபோது பிடித்தது. அதற்கடுத்த வளைவில் பாதி பிடித்தது. மூன்றாவதில் அவர் காலை வைத்தார், மிதி இறங்கவில்லை.

"கல்லாயிருச்சுங்க பாய்."

குரலில் பதற்றம்கூட இல்லை. இரண்டு காலையும் மிதியில் ஊன்றி, சீட்டை விட்டு எழுந்து அழுத்தினார். வேகம் குறைந்தது, ஆனால் வளைவுக்குப் பத்தாது. கீழே இருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தது. சாவி நடுவில் இருந்ததால் என் கைக்கு எட்டியது. அதைத் திருப்பிவிட்டு, "செகண்ட் போடுங்க, கிளச்ச விடுங்க," என்று கத்தினேன். அவர் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடுத்த மிதியில், கைப்பிடிச் சுவருக்கு மிக அருகில் நின்றோம். பஸ்காரர் கடந்து போகும்போது எங்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பஸ் மேலே போன பிறகு கேட்டேன். "ஏனுங்கண்ணா இன்ஜின ஆஃப் பண்ணுனீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எறக்கத்துல எதுக்குங்க பாய் ஓடோணும்? ஏத்தத்துல எரிச்ச பெட்ரோல எறக்கத்துல திருப்பி எடுத்தாத்தானே கட்டுபடியாகும்."

"லாரியிலயும் இப்படித்தான் எறங்குவீங்களா?"

"லாரியிலயா? நல்லாக் கேட்டீங்க. இன்ஜின் நின்னா பிரேக் டேங்குல காத்து ஏறாது, காத்து இல்லீன்னா பிரேக் எங்க இருந்து புடிக்கும்? லாரியில எவனாச்சும் ஆஃப் பண்ணுவானா? இது காருங்க. காருல ஏது காத்து?"

"இப்ப இருக்குதுங்கண்ணா," என்றேன். "நாந்தான் வெச்சேன்."

அவர் பானெட்டை ஒருமுறை பார்த்தார், பிறகு சாவியைப் பார்த்தார். ஏர் பிரேக் லாரி ஓட்டியவருக்குப் பூஸ்டரைப் பற்றிப் பாடம் தேவையில்லை. ஒரு வரியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் நீலம் பூத்த டிரம்மின் காரணம் அப்போதுதான் விளங்கியது. இன்ஜின் பிடிமானம் இல்லாமல், மலை முழுவதையும் அந்த நான்கு டிரம்களே இத்தனை வருஷம் சுமந்திருக்கின்றன. பழைய பிரேக்கில் கெட்ட பழக்கம் மெதுவாகச் சூடேற்றியது. நான் மாட்டிய நல்ல பிரேக்கில் அதே பழக்கம் மூன்றே வளைவில் ஆளை விழுங்கப் பார்த்தது.

5. கையைப் பார்த்த அண்ணன்

"இனிமே ஆஃப் பண்ண மாட்டேனுங்க. அம்மிணிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி செகண்ட் கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொரு தடவ மேல போயிட்டு வருவோம். அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

அடுத்த வாரம் போனோம். இறங்கும்போது நான் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. மிளகு எப்படி என்று கேட்டேன். அவர் கொடி பற்றிப் பேசினார், வாடல் நோய் பற்றிப் பேசினார், பிறகு பேச்சு அவர் மனைவியிடம் போனது. கொடி நட்டது அந்த அம்மாவாம். கொடி படரும் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் பெயர் வைத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது அண்ணன் குரல் தணிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, செகண்ட் கியரில்தான் இறங்கினோம். அதே நீள இறக்கம் வந்தது. பேச்சு நிற்கவில்லை. இடது கை எழுந்தது, கியரைத் தட்டியது, சாவியைத் திருப்பியது.

சத்தம் நின்றதும் அவரே உணர்ந்துவிட்டார். உடனே சாவியைத் திருப்பி, கியர் போட்டு, இன்ஜினைப் பிடித்து, கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். பிறகு இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடையதோ போல அதைப் பார்த்தார்.

"நான் பண்ணலீங்க பாய். கை பண்ணுது."

"தெரியுமுங்கண்ணா."

"சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணுவேன். ஆனா இது சத்தியத்துக்குக் கட்டுப்படாது போல இருக்குது."

அவருக்காக எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இந்த மலை போய்விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அந்த வண்டிக்குள் வைத்துத்தான் வேறு வழி யோசிக்க ஆரம்பித்தேன்.

6. இன்னைக்குப் போதும்

டீச்சரைக் கடைக்கு வரச் சொன்னேன். "அண்ணா, இதை மறைக்க என்னால முடியாது. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டேன். அவரே சொன்னார். தலை குனிந்துகொண்டு, விடாமல், இரண்டு பயணத்தையும் சொன்னார்.

டீச்சர் முழுவதும் கேட்டார். பிறகு, "அப்ப அன்னிக்கு செவுத்துல தேச்சப்பவும் ஆஃப் பண்ணித்தான் எறங்குனீங்களாப்பா? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"நீ தூங்கிட்டிருந்த கண்ணு."

டீச்சருக்குக் கோபத்தில் கண் கலங்கியது. எழுந்து போய்க் கடை வாசலில் நின்றுவிட்டு வந்தார். வந்ததும் என்னைக் கேட்டார். "இப்ப என்ன பண்றதுங்க பாய்? சாவிய வாங்கிக்கட்டுமா?"

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பூஸ்டரை எடுத்துவிடலாம். அதற்குப் பதில் உள்விட்டம் இன்னும் சின்னதாக உள்ள மாஸ்டர் சிலிண்டர் போடலாம். ஊசி போடும் சிரிஞ்சு மெலிசாக இருந்தால் தள்ளுவது சுலபம், அது மாதிரி. மிதி கொஞ்சம் ஆழமாக இறங்கும், ஆனால் அதே காலுக்கு அழுத்தம் கூடக் கிடைக்கும். பூஸ்டர் இருந்த அளவு லேசாக இருக்காது. ஆனால் இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மிதி ஒரே மாதிரி இருக்கும். டிஸ்க்கும் வறுபட்டால் கைவிடும் என்பதால் செகண்ட் கியரில், இன்ஜின் ஓட, இறங்கியே தீர வேண்டும். அதற்கு, சாவி ஸ்விட்சை டேஷ்போர்டு நடுவில் இருந்து எடுத்து, வலது கைப் பக்கம் கதவோரம் மாற்றிவிடலாம். பழைய ஓட்டையை ஒரு தகடு வைத்து மூடிவிடலாம். இடது கை தேடிப் போனால் தகட்டில் முட்டும், அண்ணனுக்கு ஞாபகம் வந்துவிடும்.

"பூஸ்டர் இல்லாம அப்பாவால மிதிக்க முடியுமா?"

"இன்னைக்கு முடியும் டீச்சர். அந்தக் கால் மிதிச்சத நான் பாத்திருக்கேன், சட்டையில வாங்கியிருக்கேன்."

"முடியாமப் போற காலம் வந்தா?"

இதற்குத்தான் நான் தயாராக இருந்தேன். "வந்தா, அது அவருக்குத்தான் மொதல்ல தெரியும். பூஸ்டர் இருந்தா கால் தளர்ந்தது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அது மூடி மறைச்சுரும். இந்த மிதி மறைக்காது. ஒவ்வொரு நாளும் காலைக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். "கால் பத்தலீன்னா சொல்லுவீங்களாப்பா?"

"கால் சொன்னா கேட்டுக்கறேன் அம்மிணி," என்றார் அண்ணன். "நீ சொன்னாத்தான் கேக்க மாட்டேன்."

அதற்கு அந்தப் பெண் சிரித்ததும் அழுததும் ஒன்றாக இருந்தது.

வேலையை முடித்து, டீச்சரையும் வைத்துக்கொண்டு மூன்றாவது முறை மலைக்குப் போய் வந்தோம். பின்சீட்டில் இருந்த அவர் இந்தத் தடவை தூங்கவில்லை. அண்ணனின் இடது கை இரண்டு இடத்தில் எழுந்து போய், தகட்டில் டொக் என்று முட்டிவிட்டுத் திரும்பி வந்தது. கீழே இறங்கியதும் டீச்சர் என் வாயைப் பார்த்தார். இது போதும் என்று நான் சொல்லவில்லை. "இன்னைக்குப் போதும்," என்றேன். அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து பேடு பார்க்க வண்டி வந்தபோது அந்தத் தகட்டில் விரல் படும் இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. அடுத்த முறை வந்தபோது உதிர்ந்த இடம் அதற்கு மேல் பெரிதாகவில்லை. பின் டிரம் இரண்டும் நீலம் பூக்கவில்லை, ஆயில் தெளிவாக இருந்தது.

இளைய மெக்கானிக்குகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இன்று போனைத் திறந்தால் டிஸ்க் மாட்ட நூறு வீடியோ கிடைக்கும். எந்த போல்ட், எந்த காலிப்பர், எவ்வளவு இறுக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். மாட்டச் சொல்லி வந்தவர் எப்படி ஓட்டுகிறார் என்பது அதில் இருக்காது. வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய் வாருங்கள். அவர் வயதுக்கும் அனுபவத்துக்கும் பயந்து கேள்வியை விழுங்காதீர்கள். மரியாதையாகவே கேட்கலாம், நம் ஊரில் அதற்கு ஒரு 'ங்க' போதும். நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைத்தபடியேதான் பதில் சொல்கிறார்கள்.

7. பிரேக் நன்றாக இருந்த நாள்

சில வருஷம் அப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அம்பாசிடர் வந்து நின்றது. அண்ணன் மட்டும் இறங்கினார்.

"கொஞ்சம் பிரேக் பாக்கோணுமுங்க பாய்."

"என்ன பண்ணுதுங்கண்ணா?"

"நேத்து உழவர் சந்தைகிட்ட ஸ்கூட்டர்ல ஒரு பொம்பளப் புள்ள குறுக்க வந்துச்சு. மிதிச்சேன், நின்னுச்சு. ஒண்ணும் ஆவல. ஆனா நான் நெனச்ச எடத்துல நிக்கல. ஒரு முழம் தள்ளி நின்னுச்சு."

வீலைக் கழற்றினேன். பேடு பாதிக்கு மேல் இருந்தது. தட்டு வழவழப்பாக, கோடு இல்லாமல் இருந்தது. எங்கும் ஒழுகல் இல்லை. லைனில் காற்று இல்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு நானே எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போனேன். காலி ரோட்டில் வேகம் எடுத்து மிதித்தேன். வண்டி நேராக, சுத்தமாக, நான் நினைத்த இடத்தில் நின்றது. திரும்பி வரும் வழியில் இன்னொரு முறை மிதித்துப் பார்த்தேன். ஏதாவது ஒரு கோளாறு இருக்கட்டும் என்று அன்று எனக்கு ஆசையாக இருந்தது. அப்படி ஒரு ஆசை என் தொழிலில் எனக்கு வந்ததே இல்லை.

கடைக்கு வந்து இறங்கினேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கையைத் துடைத்தேன், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தேன்.

"சொல்லுங்க பாய்," என்றார். "எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்க வாயால ஒருதடவ கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

"பிரேக் நல்லா இருக்குதுங்கண்ணா."

எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை. எல்லோரும் அதைக் கேட்டு சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். செல்லப்ப அண்ணன் தலையை ஆட்டினார். தன் வலது முழங்காலை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து என் மேஜைமேல் சாவியை வைத்தார்.

"அம்மிணி சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுத்துக்கும். அது ஓட்டறதுக்கு பூஸ்டரத் திரும்ப மாட்டிக் குடுத்துருங்க. அது எறக்கத்துல ஆஃப் பண்ணாது."

"தோட்டத்துக்குங்கண்ணா?"

"மலைக்குத்தான் பஸ் போகுதே. சன்னலோரமா உக்காந்து வெளிய பாத்துட்டே போலாம். இத்தன வருசம் அந்த மலையில ரோட்டத் தவிர நான் எதைப் பாத்தேன்?"

கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் அதைக் கேட்காமல் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். பஸ் வந்ததும் அவர் ஏறி, டிரைவர் பக்கம் போகாமல், பின்னால் ஒரு ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.